டெட் ஸ்பேஸ் 3, அவேக்கண்ட்: இப்போது விளையாடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் டெட் ஸ்பேஸ் வீடியோ கேமின் ரீமேக் 2023 ஜனவரியில் வந்தது. அதை முடித்தவர்கள் இரண்டாம் பாகத்தைத் தேடிப் பிடித்து ஆடுகிறார்கள். மூன்றாம் பாகம், அதன் கூடுதல் பகுதியான அவேக்கண்ட் இரண்டின் வாசலில் மட்டும் தயங்கி நிற்கிறார்கள். "அது மோசம்னு சொல்றாங்களே, ஆடலாமா?" என்று நண்பர்களும் அவர்களுடைய தம்பிமார்களும் என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். 2013-இல் ஆடியபோது எனக்கும் ஏமாற்றம்தான். சமீபத்தில் சித்தப்பா மகனோடு சேர்ந்து முதலிலிருந்து ஆடியபோது என் எண்ணம் பல இடங்களில் மாறியது, சில இடங்களில் மாறவில்லை.

கதையின் முடிவு 15-ஆம் கேள்வியிலிருந்து 18 வரை வருகிறது. ஆடப்போகிறவர்கள் அந்த நான்கையும் தாண்டி 19-க்குப் போய்விடுங்கள்.

1. டெட் ஸ்பேஸ் 3 என்ன மாதிரி கேம்? கதை என்ன?

விசரல் கேம்ஸ் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2013 பிப்ரவரியில் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360, கம்ப்யூட்டர் மூன்றிலும் வெளியிட்ட திகில் ஷூட்டர். நாயகன் ஐசக் கிளார்க் ஒரு பொறியாளன். எதிரிகள் நெக்ரோமார்ஃப்கள், அதாவது செத்த உடல்கள் உருமாறி எழுந்து வருபவை. தலையில் சுட்டால் அவை விழாது. கை கால்களைத் துண்டித்தால்தான் அடங்கும். இந்த ஒரு விதிதான் முதல் பாகத்திலிருந்து இந்தத் தொடருக்கு அடையாளம்.

மூன்றாம் பாகத்தில் ஐசக்கின் கதை 2314-இல் நிலவின் குடியேற்றம் ஒன்றில் தொடங்குகிறது. நெக்ரோமார்ஃப்களுக்கு மூலமான மார்க்கர் என்ற மர்மத் தூண்களை வழிபடும் யூனிடாலஜி மதக்காரர்கள் ஐசக்கைக் கொல்லத் தேடுகிறார்கள். அவர்களுக்குத் தலைவன் ஜேக்கப் டானிக். காணாமல் போன தோழி எல்லியைத் தேடி டாவ் வொலாண்டிஸ் என்ற பனிக் கோளுக்குப் போகிறான் ஐசக். கூடவே வருகிறான் ஜான் கார்வர் என்ற ராணுவ சார்ஜன்ட். இந்தக் கார்வர்தான் இரண்டாவது ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரம்.

2. முதல் ரெண்டு பாகமும் ஆடாம நேரா இதுக்கு வரலாமா?

வேண்டாம். மார்க்கர் என்றால் என்ன, ஐசக் ஏன் இப்படி உடைந்துபோய் ஓர் அறைக்குள் முடங்கிக் கிடக்கிறான், எல்லி அவனுக்கு யார் என்பதெல்லாம் தெரியாமல் ஆடினால் இது வெறும் பனிமலைத் துப்பாக்கிச் சண்டையாகத்தான் தெரியும். நேரமில்லை என்றால் இரண்டாம் பாகத்தை மட்டுமாவது முடித்துவிட்டு வாருங்கள்.

3. எல்லாரும் ஏமாற்றம்னு சொல்றாங்களே, அப்படி என்னதான் கெட்டுப்போச்சு?

முதல் காரணம், தொடக்கம். 2008-இல் வந்த முதல் பாகம் இஷிமுரா விண்கப்பலின் வெறுமையை நம் மேல் மெல்லக் கவிழ்த்தது. மூன்றாம் பாகமோ நிலவின் தெருக்களில் கார்களுக்குப் பின்னால் குனிந்து, துப்பாக்கி ஏந்திய மனிதர்களோடு சண்டை போடச் சொல்லித் தொடங்குகிறது. உறுப்புகளைத் துண்டிக்கும் ஆயுதங்களும் அதற்கேற்ற நிதானமான நடையும் கொண்ட ஆட்டம் இது. மறைந்திருந்து சுடும் மனிதர்கள் வந்ததும் அந்த அழகு முழுக்கக் காணாமல் போகிறது. இதற்காகவே குனிதலையும் உருளுதலையும் சேர்த்தார்கள். இரண்டும் ஒட்டவில்லை. மனிதர்களோடு சுடும் சண்டை மொத்த ஆட்டத்தில் சிறு பகுதிதான் என்றாலும் முதல் ஒரு மணி நேரத்தில் அது வருவதால் மனதில் அதுவே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, சண்டையின் வேகம். நெக்ரோமார்ஃப்கள் நாலாபுறமும் காற்றுக் குழாய்களிலிருந்து குதித்து ஓடி வருகின்றன. எந்தக் கையை வெட்டலாம் என்று யோசிக்க நேரம் இல்லை. வந்தவுடன் அடி, திரும்பி அடி என்று ஆகிவிடுகிறது. ஒரே உத்தி இருபது முறை திரும்பி வந்தால் யாருக்குப் பயம் வரும்? கதவைத் திறக்கும்போதே பின்னாலிருந்து ஒன்று வரும் என்று கை தயாராகிவிடுகிறது.

மூன்றாவது, ஐசக், எல்லி, அவளுடைய புதுக் காதலன் நார்டன் மூவருக்கும் நடுவே வரும் காதல் பிணக்கு. உலகம் அழியப்போகும் நேரத்தில் கேப்டன் நார்டன் பொறாமையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது இப்போது பார்த்தாலும் சகிக்கவில்லை. இதில் என் கருத்து மாறவே இல்லை. இரண்டாம் பாகத்தில் அவ்வளவு துணிச்சலாக நின்ற எல்லிக்கு இங்கே செய்திருப்பது அநியாயம்.

4. அஞ்சு மில்லியன் பேர் ஆடணும்னு கம்பெனி கட்டளை போட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

வெளியீட்டுக்கு முந்தைய ஆண்டான 2012-இல், அப்போது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் மூத்த பொறுப்பில் இருந்த ஃபிராங்க் கிபோ ஒரு பேட்டியில் இதைச் சொன்னார். டெட் ஸ்பேஸ் மாதிரியான ஒரு தொடரில் தொடர்ந்து முதலீடு செய்ய வேண்டுமானால் 50 லட்சம் பேர் அளவுக்கு ஆட்டக்காரர்கள் தேவை என்பது அவர் சொன்னதன் சாரம். திகில் பிடிக்காதவர்களையும் உள்ளே இழுக்க வேண்டும் என்ற நெருக்கடி ஆட்டத்தின் ஒவ்வொரு முடிவிலும் தெரிகிறது. கோ-ஆப் (இருவர் சேர்ந்து ஆடுவது), மறைந்து சுடும் சண்டை, எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்று எதை எடுத்தாலும் புதியவருக்குக் கதவை அகலத் திறந்து வைப்பதற்கான ஏற்பாடுதான்.

ஆனால் குறை முழுவதையும் அந்த எண்ணின் மேல் போட்டுவிட்டு ஆட்டத்தை எடைபோடாமல் விடுவது சரியில்லை. அதே நெருக்கடிக்குள் வேலை செய்தவர்கள்தான் 6-ஆம் கேள்வியிலும் 9-ஆம் கேள்வியிலும் நான் சொல்லப்போகும் விஷயங்களையும் செய்திருக்கிறார்கள்.

5. கோ-ஆப் வந்ததாலதானே பயமே போச்சு? கூட ஒருத்தன் இருந்தா எப்படிப் பயப்படுறது?

பாதி சரி. காதில் நண்பனின் குரல் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த அறையில் என்ன இருக்கும் என்ற நடுக்கம் குறையத்தான் செய்யும். ஒருவர் தூக்கிப் பிடிக்க இருக்கிறார், விழுந்தால் எழுப்ப இருக்கிறார். 2009-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 5-லும் இதேதான் நடந்தது. அதனால் 'பக்கத்தில் ஆள் இருந்தால் திகில் இல்லை' என்பது ஒரு பொது நம்பிக்கையாகவே ஆகிவிட்டது.

ஆனால் இரண்டு பேர் சேர்ந்து இருக்கும்போது வேறு வகைப் பயம் ஒன்று வரமுடியும். பக்கத்தில் இருப்பவன் பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஒன்றுதானா என்ற சந்தேகம். டெட் ஸ்பேஸ் 3 இந்தப் பயத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. கண்டுபிடித்ததை ஆட்டத்தின் ஓரத்தில், கட்டாயம் இல்லாத சில பணிகளுக்குள் ஒதுக்கி வைத்துவிட்டதுதான் என் பெரிய வருத்தம். கோ-ஆப் இருந்தது குற்றம் என்று நான் நினைப்பதில்லை. அந்த யோசனையை ஆட்டம் முழுக்கப் பரப்பாமல் விட்டதுதான் குற்றம்.

6. கார்வருக்கு மட்டும் ஏதோ தெரியும்னு சொல்றாங்களே, அது என்ன?

மார்க்கரின் பாதிப்பில் கார்வருக்கு மனம் சிதைகிறது. இழந்துபோன மனைவியும் மகனும் அவன் கண்ணுக்குத் தெரிகிறார்கள். கோ-ஆப்பில் இந்தக் காட்சிகள் கார்வராக ஆடுபவரின் திரையில் மட்டும் வரும். ஐசக்காக ஆடுபவருக்கு அதே இடத்தில் வெறும் தாழ்வாரம்தான்.

நான் ஐசக், தம்பி கார்வர். இரவு பதினொன்று இருக்கும், இருவரும் அவரவர் வீட்டில், ஹெட்செட்டில் பேசிக்கொண்டே போகிறோம். திடீரென்று அவன், "அண்ணா, இந்தப் பொம்மை என்ன இங்க நிக்குது?" என்றான். என்ன பொம்மை என்றேன். "சிப்பாய் பொம்மைண்ணா, உங்க காலுக்குப் பக்கத்துல." என் காலுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், தரையும் குழாயும்தான். அவன் விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவனோ நான் விளையாடுகிறேன் என்று நினைத்து, "சும்மா சொல்லாதீங்கண்ணா" என்றான். இரண்டு பேருமே உண்மை சொல்கிறோம் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. அதற்கப்புறம் அவன் பேச்சுக் குறைந்துவிட்டது. எதையாவது பார்த்தால் உடனே சொல்லாமல், முதலில் "உங்களுக்கு அங்க ஏதாவது தெரியுதா?" என்று கேட்க ஆரம்பித்தான்.

கோ-ஆப்பில் மட்டும் திறக்கும் பக்கப் பணிகள் மூன்று உண்டு. கார்வரின் குடும்பத்துக்கு என்ன ஆனது, அதில் அவன் பங்கு என்ன என்பதை அவை சொல்கின்றன. ஒரு கட்டத்தில் கார்வர் தன் மனதுக்குள் சிக்கி அங்கே போராடிக்கொண்டிருப்பான். வெளியே அசையாமல் நிற்கும் அவன் உடலை நெக்ரோமார்ஃப்களிடமிருந்து ஐசக் காக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு சண்டை போடுகிறார்கள். வேறெந்தக் கோ-ஆப் ஆட்டத்திலும் நான் இப்படித் தனிமையாக உணர்ந்ததில்லை.

7. அப்போ தனியா ஆடினா இதெல்லாம் கிடைக்காதா?

கிடைக்காது. மூன்று பக்கப் பணிகளும் தனி ஆட்டத்தில் பூட்டியே இருக்கும். வேறு சில பக்கப் பணிகள் தனியாகவும் ஆடக் கூடியவை, கிரீலி என்ற கப்பலில் வருவது அப்படி ஒன்று. அதைத் தவறவிடாதீர்கள்.

தனி ஆட்டத்தில் கார்வர் நம்மோடு நடந்து வரமாட்டான். "நான் அந்தப் பக்கம் போகிறேன்" என்று கிளம்பிவிட்டு அடுத்த காட்சியில் எங்கிருந்தோ வந்து நிற்பான். அவனுக்கும் ஐசக்குக்கும் நடுவே வளரும் நட்பு கோ-ஆப்பில் ஆடாதவர்களுக்குப் பாதி விட்டுப்போன கதைதான். ஆனால் பயம் என்று பார்த்தால் தனி ஆட்டத்தில்தான் அதிகம். முதல் முறை தனியாக, இரண்டாம் முறை துணையோடு என்பது என் பரிந்துரை.

8. ஒரே டிவில ரெண்டு கன்ட்ரோலர் வச்சு ஆட முடியுமா?

முடியாது. திரையைப் பிரித்து ஆடும் வசதியே இல்லை, இணையம் வழியாக மட்டும்தான். 6-ஆம் பதிலைப் படித்திருந்தால் காரணமும் புரியும். ஒரே திரையைப் பார்த்தால் பொம்மை இருவருக்கும் தெரிந்துவிடும். பழைய ஆட்டம் என்பதால், நண்பரையும் வாங்கச் சொல்வதற்கு முன் உங்கள் தளத்தில் இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

9. ஆட்டத்துல எந்தப் பகுதி உண்மையிலேயே நல்லாருக்கும்? எங்க சலிப்பு தட்டும்?

கோளைச் சுற்றி 200 ஆண்டுகளாக மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களின் கூட்டம்தான் இந்த ஆட்டத்தின் உச்சம். ஐசக் வரும் கப்பல் கண்ணிவெடிகளில் சிதறிப்போக, அவர்கள் விண்வெளி உடையோடு வெட்டவெளியில் தப்பிக்கிறார்கள். அப்புறம் ரோனோக், டெரா நோவா, கிரீலி என்று கப்பல் கப்பலாக நாமே மிதந்து போகலாம். வெளியே சத்தமே இல்லை, ஐசக்கின் மூச்சு மட்டும். கீழே வெள்ளைக் கோள் திரும்பிக்கொண்டிருக்கும். ஒரு கப்பலின் கதவைத் திறந்து உள்ளே காற்று நிரம்பியதும் தூரத்தில் ஏதோ உலோகம் உரசும் ஒலி கேட்கும். அங்கே செத்துக் கிடக்கும் சிப்பாய்களின் குரல் பதிவுகளும் குறிப்புகளும், ஒரு படையே தன் ஆட்களைத் தானே கொன்று தீர்த்த கதையை மெல்லச் சேர்த்துத் தருகின்றன. இந்தச் சில மணி நேரங்களை முதல் பாகத்துக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் தயக்கமில்லை.

பனிக் கோளில் இறங்கியதும் கிடைக்கும் முதல் அரை மணியும் நல்லதே. தகுந்த உடை இல்லாததால் உடல் வெப்பம் இறங்கிக்கொண்டே போகும், நெருப்பிலிருந்து நெருப்புக்கு ஓட வேண்டும். சூறாவளிப் பனியில் கையெட்டும் தூரம்கூடத் தெரியாது. ஃபீடர்கள் என்ற எதிரிகளும் மறக்க முடியாதவை. உணவு தீர்ந்து, பசி தாங்காமல் நெக்ரோமார்ஃப் சதையைத் தின்ற சிப்பாய்கள் அப்படி ஆகியிருக்கிறார்கள். வெளிச்சம் அவற்றுக்கு ஆகாது. விளக்கை அடித்தால் கூட்டமாகப் பாயும், அதனால் இருட்டில் ஓசையில்லாமல் நடக்க வேண்டும்.

சலிப்பது அதற்குப் பின். ஒரே மாதிரி ராணுவக் கொட்டகைகள், ஒரே மாதிரி லிஃப்ட்கள், மலையில் கயிற்றில் ஏறுவது என்று நடுப்பகுதி இழுக்கிறது. அந்தக் கோளின் பழைய குடிகளான வேற்றுக்கோளாரில் ஒருவரின் உடல் துண்டுகளைச் சேர்த்து அவர் நினைவைப் படிக்கும் ஆய்வகப் பகுதி மட்டும் நடுவில் ஒரு மூச்சு விட வைக்கிறது.

10. எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டான்னா அப்புறம் என்ன சவால்?

இந்தப் புகார் முற்றிலும் நியாயமானது. பழைய பாகங்களில் பிளாஸ்மா கட்டருக்கு ஆறு தோட்டா, லைன் கன்னுக்கு இரண்டு என்று கையில் இருப்பதைப் பார்த்து மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். பிடித்த ஆயுதம் காலியானால் பிடிக்காததை எடுக்க வேண்டிவரும். அந்தத் தவிப்பே பயத்தின் ஒரு பகுதி. இங்கே எந்தப் பெட்டியை உடைத்தாலும் எதற்கும் பொருந்தும் தோட்டா. நார்மலில் ஆடினால் பை எப்போதும் நிரம்பியே இருக்கும்.

நல்லவேளையாக இதற்கு மாற்று ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, 13-இல் சொல்கிறேன்.

11. வெபன் பெஞ்ச் பார்த்தாலே தலை சுத்துது. என்ன துப்பாக்கி செய்யலாம்?

துப்பாக்கிகளை நாமே பொருத்திச் செய்துகொள்ளும் மேசை இது. நிதானமாகப் பார்த்தால் எளிமைதான். முதலில் ஒரு சட்டகம். அதன் மேல்பக்கம் ஒரு கருவி, கீழ்ப்பக்கம் ஒரு கருவி. ஒவ்வொன்றின் நுனியையும் மாற்றினால் அது சுடும் விதமே மாறும். அதற்குமேல் இணைப்புகளும், சேதம், வேகம், கொள்ளளவு ஆகியவற்றைக் கூட்டும் சர்க்யூட்களும். இரண்டு துப்பாக்கிதான் தூக்க முடியும் என்றாலும், ஒவ்வொன்றிலும் இரண்டு கருவி இருப்பதால் கணக்கு நாலு ஆகிறது. ஐசக் ஒரு பொறியாளன் என்பதை மூன்று பாகங்களிலும் உண்மையாக உணர்த்தியது இந்தப் பெஞ்ச்தான். நானும் தம்பியும் சண்டை போட்ட நேரத்துக்குச் சமமாக இதன் முன்னால் நின்றிருப்போம்.

என் துப்பாக்கி, மேலே பிளாஸ்மா கட்டர், கீழே ஃபோர்ஸ் கன். நெருங்கி வந்ததைக் கீழ்க்கருவியால் தள்ளிவிட்டு, விழுந்து எழுவதற்குள் காலை வெட்டுவது. பழைய பாகங்களின் நிதானம் ஓரளவு இதில் திரும்பக் கிடைத்தது. கோ-ஆப் என்றால், நாம் மருந்து எடுக்கும்போது துணைக்கும் உடல்நலம் ஏற்றும் இணைப்பை ஒருவராவது மாட்டிக்கொள்ளுங்கள். வெடிகுண்டு எறியும் துப்பாக்கியும், சொந்த வெடியால் அடிபடாமல் காக்கும் இணைப்பும் சேர்ந்தால் ஆட்டமே உடைந்துவிடும். அதை முதல் முறை தவிர்த்துவிடுங்கள்.

12. உண்மையான காசு கொடுத்துப் பொருள் வாங்க வேண்டி வருமா?

வராது. டங்ஸ்டன், செமிகண்டக்டர் போன்ற பொருள் மூட்டைகளைக் காசுக்கு விற்கும் பொத்தான் பெஞ்சிலேயே இருக்கிறது. முழு விலை கொடுத்து வாங்கிய ஒருவர் ஆட்டத்தின் நடுவே, அதுவும் ஒரு திகில் ஆட்டத்தின் நடுவே, கடைப் பலகையைப் பார்க்க நேர்ந்தது 2013-இல் பெரும் கோபத்தைக் கிளப்பியது. அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அதைத் தொடாமலேயே முடித்துவிடலாம். பொருள் தேடும் சிறு ரோபோக்களைக் கண்ட இடத்திலெல்லாம் விடுங்கள். அவை கொண்டுவரும் ரேஷன் முத்திரைகளைக் கொடுத்தால் அதே மூட்டைகள் கிடைக்கும்.

13. எந்த டிஃபிகல்ட்டில ஆடணும்?

முதல் முறை ஹார்ட். நார்மலில் 10-இல் சொன்ன குறை அப்பட்டமாகத் தெரியும்.

முடித்த பிறகு வேறு முறைகள் திறக்கும். கிளாசிக் முறையில் கோ-ஆப் கிடையாது, பெஞ்சில் கண்டபடி கலக்கவும் முடியாது, பழைய பாகத்து ஆயுதங்கள் மட்டும். ப்யூர் சர்வைவல் முறையில் எதிரிகளிடமிருந்து தோட்டாவோ மருந்தோ விழாது. கிடைக்கும் உலோகத்திலும் ஜெல்லிலும் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். ஒரு மருந்து செய்தால் இருபது தோட்டா போயிற்று என்ற அந்தப் பழைய கணக்கு இங்கே திரும்பி வருகிறது. இந்த முறையை முதலிலேயே திறந்து வைத்திருந்தால் ஆட்டத்தைப் பற்றிய பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

14. அவேக்கண்ட்னா என்ன? எவ்வளவு பெரிசு?

மூலக் கதை முடிந்த இடத்திலிருந்து தொடரும் டிஎல்சி, அதாவது தனியாக விற்ற கூடுதல் பகுதி. 2013 மார்ச்சில், ஆட்டம் வந்து ஒரு மாதம் கடந்த நிலையில், 10 டாலர் விலையில் வந்தது. மூன்று அத்தியாயங்கள், ஓர் இரவில் முடிந்துவிடும், இரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான் வரும். தனியாகவும் கோ-ஆப்பிலும் ஆடலாம். இடங்கள் பெரும்பாலும் பழையவையே, பனிக்கோளின் கட்டடங்களும் டெரா நோவா கப்பலும். வாங்கும் பதிப்பில் இது சேர்ந்திருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலக் கதையை முடித்த அன்றே தொடங்குங்கள். இடைவெளி விட்டால் அதன் வேகம் பிடிபடாது.

15. ஐசக்கும் கார்வரும் கடைசில செத்துட்டாங்களே, அப்புறம் எப்படி அவேக்கண்ட்ல வர்றாங்க?

இங்கிருந்து முடிவுகள் வருகின்றன.

மூலக் கதையின் கடைசியில் டாவ் வொலாண்டிஸின் நிலவே ஒரு மாபெரும் நெக்ரோமார்ஃப் என்று தெரிகிறது. வேற்றுக்கோளார் தங்கள் கோளையே உறைய வைத்து அது முழுமை அடைவதைத் தடுத்திருக்கிறார்கள். அந்த இயந்திரத்தை மறுபடி இயக்கி நிலவைக் கொன்று ஐசக்கும் கார்வரும் விழுகிறார்கள், எல்லி தப்பிக்கிறாள். பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தபின் ஐசக்கின் குரல் எல்லியின் பெயரைச் சொல்கிறது. அவ்வளவுதான்.

அவேக்கண்டில் இருவரும் பனியில் கண் விழிக்கிறார்கள். எப்படிப் பிழைத்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, ஆட்டமும் தெளிவாகச் சொல்வதில்லை. முதலில் இது கதாசிரியரின் சோம்பல் என்று நினைத்தேன். திரும்ப ஆடியபோது அதுவே வேலை செய்தது. நாம் உண்மையில் உயிரோடு இருக்கிறோமா, இதுவும் மார்க்கர் காட்டும் காட்சியா என்ற சந்தேகம் கடைசி வரை விலகுவதில்லை.

16. அவேக்கண்ட் மெயின் கேமைவிட பயமா இருக்குன்னு சொல்றீங்களே, அதே ஆளுங்கதானே செஞ்சாங்க?

அதே இடங்கள், அதே ஆயுதங்கள், அதே நெக்ரோமார்ஃப்கள். மாறியது இரண்டு. ஒன்று, காட்சிப் பிரமைகள். நடந்துகொண்டிருக்கும்போதே அறை நிறம் மாறும், இல்லாத உருவங்கள் பாயும், சுட்டால் கரையும். 6-இல் கார்வருக்கு மட்டும் நடந்தது இப்போது ஐசக்குக்கும் நடக்கிறது. இரண்டு, எதிரிகளாக வரும் யூனிடாலஜி மிச்சங்கள். தலைவனை இழந்தவர்கள் தங்கள் உடலையே வெட்டிச் சிதைத்து நெக்ரோமார்ஃப் போல ஆக முயல்கிறார்கள். மூலக் கதையில் துப்பாக்கியோடு மறைந்து சுட்ட அதே மதத்துக்காரர்கள்தான், ஆனால் இந்த வடிவில் அவர்கள் நிஜமாகவே நடுங்க வைக்கிறார்கள். 3-இல் சொன்ன முதல் குறைக்கு இதுவே அவர்கள் கொடுத்த திருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. இங்கே ஐசக்கும் கார்வரும் முரண்படுகிறார்கள். 15-இல் சொன்ன நிலவைப் போன்ற மற்ற நெக்ரோமார்ஃப் நிலவுகள் பூமி எங்கே இருக்கிறது என்பதைத் தன் மனதிலிருந்து தேடுகின்றன, ஆகவே வீட்டுக்குப் போகவே கூடாது என்று ஐசக் நினைக்கிறான். போய் எச்சரித்தே ஆக வேண்டும் என்கிறான் கார்வர். மூலக் கதை முழுக்கத் தோளோடு தோள் நின்றவர்கள் இவர்கள். கோ-ஆப்பில் ஆடும்போது நாமும் பக்கம் பிரிகிறோம். தம்பி கார்வர் சொல்வதுதான் சரி என்று நின்றான், எனக்கு ஐசக்கின் பயம் புரிந்தது. பத்து நிமிடம் அதைப் பேசிக்கொண்டே சுட்டோம்.

17. அப்போ உண்மையான முடிவைத் தனியா வித்தது சரியா?

சரியில்லை. அவேக்கண்டின் கடைசியில் இருவரும் பூமிக்கு வந்து சேர்கிறார்கள். ரேடியோவில் கூக்குரல்கள். நிலவுகள் ஏற்கனவே அங்கே வந்துவிட்டன. அவர்களுடைய கப்பலும் தாக்கப்படுகிறது, திரை அணைகிறது. இதைத் தெரிந்த பிறகு மூலக் கதையின் தியாக முடிவுக்கு அர்த்தமே வேறு. இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தனி விலைக்குள் வைத்தால், வாங்காதவர்களுக்கு ஒரு கதை, வாங்கியவர்களுக்கு ஒரு கதை என்று ஆகிவிடுகிறது. முழு விலை கொடுத்தவர்களுக்கு அது நியாயமல்ல.

முடிவு எப்படி என்று மட்டும் கேட்டால், தொடரிலேயே துணிச்சலான முடிவு அதுதான். நாயகன் வெற்றி பெற்று வீடு திரும்பும் வழக்கத்தை அது ஏற்கவில்லை. அந்தக் கூக்குரல்களைக் கேட்டுவிட்டு நானும் தம்பியும் வெகுநேரம் பேசவில்லை.

18. நாலாம் பாகம் வருமா? அந்தக் கதை தொடருமா?

விசரல் ஸ்டுடியோவை 2017 அக்டோபரில் மூடிவிட்டார்கள். மூன்றாம் பாகத்தின் படைப்பு இயக்குநர் பென் வானாட் 2018-இல் ஒரு பேட்டியில், நான்காம் பாகத்துக்கு மனதில் வைத்திருந்ததைச் சொன்னார். நெக்ரோமார்ஃப்கள் நிறைந்த கப்பல்களுக்கு நடுவே பொருள் தேடி, அன்றன்றைக்கு உயிர் பிழைப்பது. 9-இல் சொன்ன கப்பல் கூட்டத்தையே முழு ஆட்டமாக விரிப்பது போலத்தான் எனக்குப் பட்டது. 2023-இல் வந்த முதல் பாக ரீமேக்கைச் செய்தது மோட்டிவ் என்ற வேறு ஸ்டுடியோ. அவேக்கண்டின் அந்த அணைந்த திரைக்குப் பிறகு ஐசக்கின் கதை இதுவரை நகரவில்லை.

19. ஒரு தடவை முடிச்சாச்சு. மறுபடி ஆட என்ன இருக்கு?

கோ-ஆப்பில் ஆடியிருந்தால் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். ஐசக்காக ஆடியவருக்கு அந்த மூன்று பக்கப் பணிகளில் நடந்ததில் பாதி தெரியாது, துணை சொன்னதைக் கேட்டதோடு சரி. தனியாக ஆடியிருந்தால் ப்யூர் சர்வைவலைத் தொடங்கி, கப்பல் கூட்டம் முடியும் வரையாவது போங்கள். அதற்குமேல் தொடர்வது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

நாங்கள் போன வாரம் மாற்றிக்கொண்டு தொடங்கினோம். தம்பி ஐசக், நான் கார்வர். ரோனோக்கைத் தாண்டவில்லை இன்னும். கதவோரத்தில் ஒரு சிப்பாய் பொம்மை நின்றது. அவனிடம் நான் சொல்லவில்லை.